மூன்று வாரக் கெடுவும் மறுக்கும் உரிமையும்

கம்பனிகள் சட்டத்தின் 271ஆம் பிரிவு என்று சொன்னால் கல்கிசையிலோ வெள்ளவத்தையிலோ வியாபாரம் செய்பவர்களில் மிகச் சிலருக்கே விளங்கும். ‘மூன்று வாரத்துக்குள் பணத்தைக் கட்டாவிட்டால் கம்பனியை மூடிவிடக் கேட்டு வழக்குத் தொடுப்போம்’ என்று சட்டத்தரணியின் கடிதத்தாளில் வரும் அந்தக் கடைசி வரியைச் சொன்னால் பலருக்கும் வயிற்றைக் கலக்கும். 2022ஆம் ஆண்டு நொறுங்கிப்போன கணக்குகளில் பல இன்னும் தீரவில்லை. யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற தகராறு காலி வீதியின் இரு மருங்கிலும், இரத்மலானைப் பட்டறைகளிலும், புறக்கோட்டை மொத்தக் கடைகளிலும் தொடர்ந்துகொண்டே இருக்கிறது. அந்தத் தகராறுகளுக்குள் இந்தக் கடிதம் ஓர் ஆயுதமாக வந்து விழுகிறது. உண்மையான கடனாளியையும், ‘இவ்வளவு நான் தரவேண்டியதில்லை’ என்று நியாயமாகச் சொல்பவரையும் அது ஒரே விதமாக மிரட்டுகிறது. இரண்டாமவருக்குத் தன் மறுப்பைச் சொல்ல நமது சட்டம் ஒரு வாசல் வைக்கவில்லை. அந்த வாசலை வைக்க வேண்டும் என்பதே என் வாதம்.

முதலில் சட்டம் சொல்வதைப் பார்ப்போம். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி, கடனைச் செலுத்த இயலாத கம்பனியை முடிவுறுத்த நீதிமன்றம் கட்டளையிடலாம். ‘இயலாத’ நிலையை நிரூபிக்கச் சில வழிகள் உண்டு. அவற்றுள் மிக இலகுவானது இது: ஐம்பதாயிரம் ரூபாவுக்கு மேல் வரவேண்டியவர், தன் கையொப்பத்தோடு ஒரு கோரிக்கைக் கடிதத்தைக் கம்பனியின் பதிவு அலுவலகத்தில் விட்டுச் செல்கிறார். கம்பனி மூன்று வாரத்துக்குள் பணத்தைக் கட்ட வேண்டும். அல்லது அவர் நியாயமாகத் திருப்தியடையும் விதத்தில் பிணை கொடுக்க வேண்டும். அல்லது இணக்கம் காண வேண்டும். மூன்றில் எதையும் செய்யாமல் கவனியாது விட்டால், அந்தக் கம்பனி கடன் செலுத்த இயலாதது என்று சட்டமே கருதிக்கொள்ளும். கம்பனியின் ஐந்தொகையை எவரும் புரட்ட வேண்டியதில்லை. வங்கியில் எவ்வளவு கிடக்கிறது, கிடங்கில் என்ன சரக்கு இருக்கிறது என்று கேட்க வேண்டியதில்லை. நாட்காட்டியில் இருபத்தொரு நாள் கழிந்ததே போதும்.

இந்த மூன்று வாரம் எங்கிருந்து வந்தது? 1862ஆம் ஆண்டின் ஆங்கிலேயக் கம்பனிகள் சட்டத்திலிருந்து. அங்கே தொகை ஐம்பது பவுண், கெடு மூன்று வாரம். நமது 1938ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும், 1982ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டமும், 2007ஆம் ஆண்டுச் சட்டமும் அந்த அமைப்பையே கைமாற்றிக்கொண்டு வந்தன. நீராவிக் கப்பல் காலத்தில் வரைந்த கெடு இன்றைக்கும் நம் தலைமேல் நிற்கிறது.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். கல்கிசையில் குளிரூட்டி பொருத்திக் கொடுக்கும் ஒரு சிறு கம்பனி. கணவன், மனைவி இருவரும் பணிப்பாளர்கள், எட்டுத் தொழிலாளர்கள். 2022 பெப்ரவரியில் கடலோர விருந்தினர் விடுதி ஒன்றின் வேலைக்காகப் புறக்கோட்டை இறக்குமதியாளரிடம் பன்னிரண்டு குளிரூட்டிகளுக்குச் சொல்லிவைக்கிறார்கள். ஒன்று இரண்டரை இலட்சம், மொத்தம் முப்பது இலட்சம். பதினைந்து இலட்சம் கைமாறியது. மார்ச்சில் ரூபா மிதக்கவிடப்பட்டது. இருநூறு ரூபா அளவில் பிடித்துவைக்கப்பட்டிருந்த டொலர் மே மாதத்துக்குள் முந்நூற்று அறுபதைத் தொட்டது. இறக்குமதியாளர் சரக்கை அனுப்பினார்; பிறகு ‘டொலர் வித்தியாசம்’ என்று பன்னிரண்டு இலட்சத்துக்கு இன்னொரு பட்டியலையும் அனுப்பினார். வந்த பன்னிரண்டில் மூன்று ஓடவில்லை, திருப்பி அனுப்பப்பட்டன. கம்பனியின் கணக்கில் மிச்சம் ஏழரை இலட்சம். இறக்குமதியாளரின் கணக்கில் இருபத்தேழு இலட்சம். நடுவில் பத்தொன்பதரை இலட்சம் தகராறில் நிற்கிறது.

இதில் யார் பக்கம் நியாயம்? எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. விலை ஏறினால் யார் சுமப்பது என்று இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள், திருப்பிய மூன்று பெட்டிகளை வாங்கிக்கொண்டு கையெழுத்திட்டவர் யார், என்ன எழுதிக் கையெழுத்திட்டார் என்பதையெல்லாம் சாட்சியம் கேட்டுத்தான் தீர்க்க முடியும். அது வழக்கமான பணவழக்கு. அதற்கென்று நீதிமன்றங்கள் இருக்கின்றன. ஆனால் பணவழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபடும். முடிவுறுத்தல் மனு என்று மிரட்டினால் மூன்று வாரத்தில் பணம் வரக்கூடும். அதனால்தான் தகராறுள்ள கடனுக்கும் இந்தக் கடிதத்தை அனுப்பும் பழக்கம் வளர்கிறது.

இந்தக் குறுக்குவழியை நீதிபதிகள் நெடுங்காலத்துக்கு முன்பே கண்டுகொண்டார்கள். 1874இல் லண்டன் அன்ட் பரிஸ் பாங்கிங் கோர்ப்பரேசன் வழக்கில் சேர் ஜோர்ஜ் ஜெசல், நியாயமான காரணத்தோடு பணம் கொடாமலிருப்பவர் கடனைக் கவனியாது விட்டவர் ஆகமாட்டார் என்று தீர்ப்பளித்தார். நேர்மையாக மறுக்கப்படும் கடனை அறவிட முடிவுறுத்தல் மனுவைக் கருவியாக்குவது நீதிமன்ற நடைமுறையைத் துர்ப்பிரயோகம் செய்வது என்ற கோட்பாடு அந்த வேரிலிருந்து வளர்ந்தது. இந்திய உயர் நீதிமன்றமும் 1971இல் மது வூலன் இன்டஸ்ட்ரீஸ் வழக்கில் அதே தடத்தில் நடந்தது: மறுப்பு நல்லெண்ணத்தில் எழுந்ததாகவும், சாரமுள்ளதாகவும், முதற்பார்வைக்கு ஆதாரம் உள்ளதாகவும் இருந்தால் கம்பனியை மூட உத்தரவிடலாகாது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு நொடிப்புச் சட்டம் வந்த பிறகும் இந்த அடிப்படை மாறவில்லை. அச்சட்டத்தின்படி பொருளோ சேவையோ வழங்கியவர் கோரிக்கை அறிவித்தல் அனுப்பினால், கம்பனி பத்து நாளுக்குள் ‘தகராறு இருக்கிறது’ என்று பதில் சொல்லலாம். 2017 செப்டெம்பரில் மோபிலொக்ஸ் எதிர் கிருசா வழக்கில் நீதியரசர் ரோஹின்டன் நரிமன் அந்தத் தகராறின் அளவுகோலைத் தெளிவாக்கினார். தகராறு வெறும் வாய்ச்சொல்லாக இருக்கக் கூடாது. மேலும் விசாரித்துப் பார்க்க வேண்டிய அளவுக்கு உண்மையில் இருக்க வேண்டும். அது வெல்லுமா தோற்குமா என்று அந்தக் கட்டத்தில் பார்க்கத் தேவையில்லை.

ஆங்கிலேயக் கம்பனிச் சட்டத்தின் வழிவந்த நம் நாட்டிலும் இதே வாதத்தை முன்வைக்கலாம். சிக்கல் வாதத்தில் இல்லை. அதை எப்போது, எங்கே முன்வைப்பது என்பதில்தான் இருக்கிறது. நமது சட்டப்படி கோரிக்கைக் கடிதத்துக்கு எதிராகப் போய் ‘இதை நீக்குங்கள்’ என்று கேட்கத் தனியொரு நடைமுறை கிடையாது. கம்பனி மறுப்புக் கடிதம் எழுதலாம். எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும். கடன்கொடுநர் மனுவைத் தாக்கல் செய்தால் புதுக்கடைக்குப் போய், வணிக மேல் நீதிமன்றத்தில் ஆட்சேபனை சொல்ல வேண்டும். அல்லது மனு போடுமுன் தடையுத்தரவு கேட்டுத் தாமே வழக்குத் தொடுக்க வேண்டும். அதற்கு மூத்த சட்டத்தரணியின் கட்டணம், சத்தியக் கடதாசிகள், ஆவணங்கள் என்று பத்தொன்பதரை இலட்சத் தகராறுக்குச் செலவு ஏறிக்கொண்டே போகும்.

மனு தாக்கலான பிறகு ஆட்சேபித்தால் போதாதா என்று கேட்பவர்கள் வியாபாரத்தை அறியாதவர்கள். முடிவுறுத்தல் மனுவை வர்த்தமானியிலும் நாளேட்டிலும் விளம்பரப்படுத்த வேண்டும். மற்றக் கடன்கொடுநர்களும் அறிய வேண்டும் என்பதற்கான நியாயமான ஏற்பாடு அது. அந்தச் சிறு விளம்பரம் வெளியான காலையில் என்ன நடக்கும்? வங்கி முகாமையாளர் மேலதிகப்பற்றை நிறுத்துவார். நாணயக் கடிதம் திறக்கக் கேட்டால் முழுப் பணத்தையும் முன்னால் வைக்கச் சொல்வார். தவணைக்குச் சரக்குத் தந்தவர்கள் கைக்காசு கேட்பார்கள். கேள்விப்பத்திரம் கோரிய நிறுவனம் பெயரை அடித்துவிடும். வெள்ளவத்தையில் காலையில் வாசித்த செய்தி மத்தியானத்துக்குள் கொட்டாஞ்சேனையைச் சுற்றிவிடும். ஆறு மாதத்துக்குப் பிறகு நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தாலும் அதற்கு வர்த்தமானியில் எட்டுக் கால விளம்பரம் வராது. எட்டுத் தொழிலாளர்களில் நல்ல தொழில் தெரிந்தவர்கள் அதற்குள் வேறிடம் பார்த்திருப்பார்கள். ஆகவேதான் நியாயம் தன் பக்கம் இருப்பவர்கூட இந்தக் கடிதம் வந்ததும் கேட்ட தொகையைக் கட்டிவிடுகிறார். அப்படிக் கட்டப்பட்ட பணம் எந்த நீதிமன்றப் பதிவிலும் ஏறுவதில்லை. இந்தப் பிரச்சினை நம் சட்ட விவாதங்களில் அதிகம் எழாமல் போவதற்கு அதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

மற்ற நாடுகள் இதை எப்படித் தீர்த்தன என்று பார்க்கையில் நம் சட்டத்தின் குறை இன்னும் பளிச்சென்று தெரிகிறது. நியூசிலாந்தின் 1993ஆம் ஆண்டுக் கம்பனிகள் சட்டம், கோரிக்கையைப் பெற்ற கம்பனி பத்து வேலைநாளுக்குள் நீதிமன்றத்திடம் அதை நீக்கக் கேட்கலாம் என்கிறது. காரணங்களையும் சொல்லிவைத்திருக்கிறது: கடன் உண்டா, செலுத்த வேண்டிய காலம் வந்துவிட்டதா என்பதில் சாரமான தகராறு, எதிர்க்கோரிக்கை அல்லது எதிரீடு, அல்லது நீக்குவதற்கு வேறு தகுந்த காரணம். இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நமது 2007ஆம் ஆண்டுச் சட்டம் பல முக்கிய ஏற்பாடுகளை அந்த நியூசிலாந்துச் சட்டத்திலிருந்தே எடுத்தது. பங்கிலாபம் கொடுக்குமுன் பார்க்கும் கடன்தீர்திறன் சோதனை, பெருங் கொடுக்கல்வாங்கலுக்குப் பங்குதாரர் அனுமதி போன்றவை அங்கிருந்து வந்தவையே. முடிவுறுத்தல் பகுதிக்கு வந்தபோது மட்டும் நம் சட்டவரைஞர்கள் பழைய ஆங்கிலேய வரிகளுக்குத் திரும்பிவிட்டார்கள். மாதிரிச் சட்டத்தில் கண்ணெதிரே இருந்த அந்த ஒரு பிரிவு கொழும்புக்கு வந்து சேரவில்லை.

அவுஸ்திரேலியா இன்னும் இறுக்கமானது. அங்கே இருபத்தொரு நாளுக்குள் நீதிமன்றத்தில் விண்ணப்பமும் ஆதாரமான சத்தியக் கடதாசியும் போய்ச் சேர வேண்டும். எதிர்த்தரப்புக்கும் பிரதி கிடைத்திருக்க வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் கதை முடிந்தது. நீதிபதிக்கே அந்தக் கெடுவை நீடிக்க அதிகாரமில்லை என்று 1995இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தக் கடுமையை நான் விரும்பவில்லை. ஆயினும் அங்கே ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. கோரிக்கை சட்டம் விதித்த படிவத்தில்தான் வர வேண்டும். நீக்கக் கேட்டு நீதிமன்றம் போகலாம் என்பதும் அதற்கான நாட்கெடுவும் அந்தப் படிவத்திலேயே அச்சிட்டிருக்கும். பயமுறுத்தும் தாளிலேயே தப்பும் வழியும் எழுதப்பட்டிருக்கும்.

இங்கிலாந்து நம்மைப் போலத்தான். தனியாளுக்குக் கோரிக்கையை நீக்கக் கேட்கும் உரிமை உண்டு. கம்பனிக்கு அந்த வழி இல்லை, தடையுத்தரவையே நாட வேண்டும். ஆனால் லண்டனில் அப்படித் தடையுத்தரவு கேட்பது நன்றாகப் பழகிய பாதை. பல தலைமுறைத் தீர்ப்புகள் அதை வகுத்துவைத்திருக்கின்றன. கல்கிசைச் சிறு கம்பனிக்கு அந்தப் பாதை அவ்வளவு பழகியதல்ல.

தொகையையும் பேச வேண்டும். 2007இல் ஐம்பதாயிரம் ரூபா என்பது ஏறத்தாழ 450 டொலர். இன்று டொலர் 300 ரூபா அளவில் நிற்கையில் அது 170 டொலருக்கும் குறைவு. ஒரு மாத மின்கட்டணமே அதைத் தாண்டும் கடைகள் காலி வீதியில் எத்தனையோ உண்டு. இந்தியா 2020 மார்ச்சில் தன் எல்லையை ஒரு இலட்சத்திலிருந்து ஒரு கோடி இந்திய ரூபாவுக்கு உயர்த்தியது. அது ஒரே பாய்ச்சல். சிறு வழங்குநர்கள் பலரை வெளியே தள்ளிவிட்டது என்ற விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. சிங்கப்பூர் பதினையாயிரம் சிங்கப்பூர் டொலர், அவுஸ்திரேலியா 2021 ஜூலையிலிருந்து நாலாயிரம் அவுஸ்திரேலிய டொலர். நமக்குப் பொருத்தமான எண் எது என்பது பேசித் தீர்மானிக்க வேண்டியது. ஐம்பதாயிரம் அல்ல என்பது மட்டும் உறுதி.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கடிதம் அனுப்புபவர் எல்லோரும் பலசாலிகள் அல்லர். பெரிய ஹோட்டலுக்கு மீனும் மரக்கறியும் கொடுத்துவிட்டு எட்டு மாதமாக அலையும் வழங்குநருக்கு இந்தக் கடிதம்தான் ஒரே பிடி. ‘கணக்குப் பிரிவு பார்த்துக்கொண்டிருக்கிறது’ என்று நாளைக் கடத்தும் பெரிய கம்பனிகளை அசைக்க வேறென்ன இருக்கிறது? 1986இல் அறிக்கையான கோர்ன்ஹில் காப்புறுதி வழக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கொழுத்த பணமுள்ள அந்தக் காப்புறுதிக் கம்பனி, தானே ஒப்புக்கொண்ட 1,154 பவுணைக் கொடாமல் இழுத்தடித்தது. கம்பனியை மூட மனுப்போடுவோம் என்று எதிர்த்தரப்பு சொன்னதும் தடையுத்தரவுக்கு ஓடியது. நீதிபதி மறுத்துவிட்டார்: எவ்வளவு பணக்காரக் கம்பனியாக இருந்தாலும், தகராறில்லாத கடனைக் கேட்டும் கொடாவிட்டால் அது கடன் செலுத்த இயலாதது என்று கடன்கொடுநர் சந்தேகிக்கலாம். சரியான தீர்ப்பு. தகராறில்லாத கடனுக்கு இந்தக் கடிதம் கூர்மையான கருவியாகவே இருக்கட்டும். அதை மழுங்கடிக்க நான் கேட்கவில்லை. தகராறுள்ள கடனை அதிலிருந்து பிரித்தெடுக்க ஒரு கட்டத்தை வையுங்கள் என்கிறேன்.

சட்டம் மாறும்வரை என்ன செய்வது? கடிதம் வந்துவிட்ட கம்பனிக்கு இதுவே இப்போதைய கேள்வி. சட்டத்தரணியிடம் போவதற்கு இது மாற்றல்ல; போவதற்கு முன்னும் போகையிலும் மனத்தில் இருக்க வேண்டியவை சில.

கடிதம் எங்கே வந்தது, எந்தத் திகதியில் வந்தது என்பதை முதலில் எழுதி வையுங்கள். சட்டம் பேசுவது பதிவு அலுவலகத்தைப் பற்றி. நம் சிறு கம்பனிகளில் பதிவு அலுவலகம் பெரும்பாலும் கணக்காளரின் முகவரி, செயலாளரின் முகவரி, அல்லது பணிப்பாளர் முன்பு வாடகைக்கு இருந்த வீடு. கடை கல்கிசைக்கு மாறி ஐந்து வருடமாகியும் கம்பனிகள் பதிவாளர் திணைக்களத்துக்கு முகவரி மாற்றப் படிவம் அனுப்பாதவர்கள் உண்டு. பழைய முகவரியில் கடிதம் விடப்பட்டால் நாள் ஓடத் தொடங்கிவிடும். உங்கள் கைக்கு வரும்போது பாதி போயிருக்கும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி ஏப்ரல் முதல் வாரத்தில் விடப்பட்ட கடிதத்தை நினைத்துப் பாருங்கள். அலுவலகம் பூட்டு, சட்டத்தரணி ஊரில், நீதிமன்றம் விடுமுறையில். அந்த நாட்களை எல்லாம் மூன்று வாரத்திலிருந்து எவரும் கழித்துத் தரமாட்டார்கள்.

அடுத்தது பதில். மௌனம்தான் இந்தச் சட்டத்தில் மிகப் பெரிய ஆபத்து. மூன்று வாரம் கழிந்த பிறகு, மனு வந்த பிறகு, முதன்முறையாகத் தகராறைப் பற்றிப் பேசினால் அதை நீதிபதி நம்புவது கடினம். அதற்கு முன்பே, கூடுமானால் கடிதம் வருவதற்கும் முன்பே, தகராறு எழுத்தில் இருக்க வேண்டும். ‘மூன்று பெட்டி ஓடவில்லை, திருப்பி அனுப்புகிறோம்’ என்று 2022 ஜூனில் அனுப்பிய ஒரு வட்ஸ்அப் செய்தி, 2024இல் எழுதிய பத்துப் பக்கச் சத்தியக் கடதாசியை விடப் பெறுமதியானது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் அத்தகைய மின்னியல் பதிவுகளையும் சாட்சியமாக முன்வைக்க இடம் தருகிறது. தொலைபேசியை மாற்றும்போது அந்த உரையாடல்களை அழித்துவிடாதீர்கள்.

அதே தொலைபேசியில் ஆபத்தும் இருக்கிறது. ‘முதலாளி, கொஞ்சம் பொறுங்கோ, அடுத்த மாசம் முழுக்கத் தாறன்’ என்று மரியாதைக்கு அனுப்பிய ஒரு வரி, முழுக் கடனையும் ஒப்புக்கொண்டதற்குச் சாட்சியாகத் திரும்பி வரும். நம் ஆட்களுக்கு முகத்துக்கு நேரே மறுப்பது கஷ்டம். கொடுக்கல்வாங்கலில் உறவு முறியக்கூடாது என்று நினைப்போம். கோபம் தணியட்டும் என்று தவணை கேட்போம். தவணை கேட்பதற்கு முன் எதற்குத் தவணை கேட்கிறோம் என்று எழுத்தில் பிரித்துச் சொல்ல வேண்டும்: ‘ஏழரை இலட்சம் எங்கள் கணக்கில் உண்டு, அதைத் தருகிறோம். டொலர் வித்தியாசத்தையும் ஓடாத மூன்றின் விலையையும் ஏற்கவில்லை.’

ஒப்புக்கொண்ட பகுதியை உடனே கட்டிவிடுவது மிக முக்கியம். எல்லை ஐம்பதாயிரமாக இருக்கையில், மொத்தத் தொகையைப் பற்றித் தகராறு செய்துகொண்டு ஒப்புக்கொண்ட பகுதியையும் கொடாமல் வைத்திருந்தால் அந்தப் பகுதிக்கே மனு போடலாம். கட்ட முடியாவிட்டால் பிணை கொடுக்கலாம்: வங்கி உத்தரவாதமாகவோ, இரு தரப்புச் சட்டத்தரணிகளும் இணங்கிய வைப்பாகவோ. பணத்தைக் காட்டிவிட்டு மறுப்பவரைப் பார்த்து ‘இயலாதவர்’ என்று சொல்வது எவருக்கும் கடினம்.

கடனின் வயதையும் எண்ணிப் பாருங்கள். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவரையறைக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. எழுத்திலான ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம், எழுத்திலல்லாததற்கு மூன்று வருடம். விற்று ஒப்படைத்த சரக்கின் விலைக்கு ஒரே ஒரு வருடம். புறக்கோட்டையில் வாய்ச்சொல்லிலும் கடைப் பட்டியலிலும் ஓடும் வியாபாரத்துக்கு இந்தக் கடைசிக் கணக்கு பெரிய விஷயம். கையொப்பமிட்ட ஒப்புதலோ இடையில் கட்டிய ஒரு தொகையோ அந்தக் கடிகாரத்தை மறுபடி தொடக்கிவிடக்கூடும் என்பதையும் மறக்கலாகாது.

வீட்டில் பேச வேண்டியதும் ஒன்றுண்டு. மறுக்கச் சாரமான காரணம் எதுவும் இல்லை, கம்பனி உண்மையிலேயே மூழ்குகிறது என்றால், மறுப்புக் கடிதம் எழுதுவது நேரத்தை வீணாக்குவது. கடன்களைச் செலுத்த இயலாது என்று நம்பும் பணிப்பாளர் உடனடியாகப் பணிப்பாளர் சபையைக் கூட்டி, முடிவுறுத்தலுக்கு விண்ணப்பிப்பதா என்று ஆராய வேண்டும் என 219ஆம் பிரிவு கடமை விதிக்கிறது. தவறினால், அதனால் கடன்கொடுநருக்கு ஏற்படும் நட்டத்துக்குப் பணிப்பாளர் தன் சொந்தப் பணத்தில் பொறுப்பேற்க நேரலாம். கடன்கொடுநர்களோடு கூட்டாக இணக்கம் காணும் ஏற்பாடும் அதே சட்டத்தில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தியவர்கள் குறைவு; பயன்படுத்தத் தக்க நேரம் கடிதம் வருவதற்கு முந்திய நேரம்.

தனியாள் வியாபாரிக்குக் கம்பனிகள் சட்டத்தின் இந்த ஏற்பாடுகள் பொருந்தா என்பதையும் சொல்லிவிடுகிறேன். கம்பனியாகப் பதியாமல் தன் பெயரில் கடை நடத்தும் கல்கிசைக்காரர் நொடித்தால் அவருக்குரிய சட்டம் 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அவர் போவது மாவட்ட நீதிமன்றத்துக்கு. ஒரே தெருவில் அடுத்தடுத்த இரு கடைகளுக்கு இரு நூற்றாண்டுச் சட்டங்கள்.

தகராறு முடியும்வரை அவகாசம் கேட்பது ஏமாற்று வேலை என்று எவரும் சொன்னால், நம் அரசாங்கமே செய்ததை நினைவூட்ட விரும்புகிறேன். 2022 ஏப்ரல் 12ஆம் திகதி இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நிறுத்திவைத்தது. அதே ஆண்டு ஜூனில் ஹமில்டன் ரிசேர்வ் வங்கி, தன்னிடம் இருந்த 25 கோடி டொலருக்கு மேற்பட்ட முறிகளுக்காக நியூயோர்க்கில் வழக்குத் தொடுத்தது. இலங்கை அங்கே போய், மற்றக் கடன்கொடுநர்களோடு மறுசீரமைப்புப் பேச்சு நடக்கிறது, வழக்கை நிறுத்திவையுங்கள் என்று கேட்டது. நீதிபதி டெனிஸ் கோட் மறுபடி மறுபடி அவகாசம் கொடுத்தார். அது சரியான காரியம். அந்த அவகாசம் நம் எல்லோருக்கும் உதவியது. உள்நாட்டிலும் வங்கிகள் நீதிமன்றம் போகாமலே ஈட்டை ஏலம்விடும் பராட்டே அதிகாரத்தை 2024 டிசெம்பர் 15 வரை நிறுத்திவைத்து, பிறகு 2025 மார்ச் 31 வரை நீடித்தார்கள். வங்கிக்கு எதிராக அப்படியொரு மூச்சுவிடும் இடம் கிடைத்தபோதும், ஒரு வியாபாரி இன்னொரு வியாபாரிக்கு அனுப்பும் மூன்று வாரக் கடிதத்தை எவரும் தொடவில்லை.

நொடிப்புச் சட்டத்தைப் புதிதாக்கும் பேச்சு சில காலமாகவே நடக்கிறது. கம்பனியைக் காப்பாற்றும் ஏற்பாடுகள், வெளிநாட்டு முதலீட்டாளரின் நம்பிக்கை என்று பெரிய விஷயங்கள் அங்கே பேசப்படுகின்றன. வேண்டியவைதான். அவற்றோடு மூன்று சிறு திருத்தங்களையும் சேர்க்க வேண்டும். ஐம்பதாயிரம் என்ற எண்ணைச் சட்டத்திலிருந்து எடுத்து, அமைச்சர் வர்த்தமானி மூலம் காலத்துக்குக் காலம் மாற்றக்கூடிய தொகையாக்க வேண்டும். கடிதம் கிடைத்த பத்து வேலைநாளுக்குள் நீதிமன்றத்தில் ஒரு சுருக்கமான விண்ணப்பம் செய்து, சாரமான தகராறு உண்டு என்று காட்டி அதை நீக்கக் கேட்கும் உரிமையைக் கம்பனிக்குக் கொடுக்க வேண்டும். பொய்யான மறுப்போடு வருபவருக்குச் செலவுத்தொகை விதிக்க வேண்டும். அந்த விண்ணப்பம் தீரும்வரை மனுவோ விளம்பரமோ கூடாது. எழுபத்தைந்து இலட்சத்துக்கும் ஏழு கோடிக்கும் ஒரே வழக்குச் செலவு ஆகாதபடி, சிறிய தொகைகளை மாவட்ட நீதிமன்றமே கேட்கலாம். கல்கிசையில் நீதிமன்றம் இருக்கிறது, அதற்காகப் புதுக்கடைவரை போக வேண்டியதில்லை.

மூன்றாவது திருத்தத்துக்குச் செலவே இல்லை. கோரிக்கைக்கு ஒரு படிவம் விதியுங்கள். இன்று வரும் கடிதங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், சட்டத்தரணிக்குச் சட்டத்தரணி எழுதும் நடையில் வருகின்றன. வாங்கிப் படிப்பவர் செட்டியார் தெருவில் தமிழில் கணக்கெழுதுபவர், அல்லது இரத்மலானையில் சிங்களத்தில் பட்டறை நடத்துபவர். படிவத்தின் முதல் பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மூன்று விடயங்கள் இருக்க வேண்டும்: எந்தப் பட்டியலுக்கு எவ்வளவு கேட்கப்படுகிறது என்ற விவரம், கெடு முடியும் திகதி, இந்தக் கடனை மறுப்பதானால் எந்த நீதிமன்றத்தில் எந்தத் திகதிக்குள் விண்ணப்பிக்கலாம் என்ற அறிவித்தல். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அந்தக் கோரிக்கையை வைத்து 271ஆம் பிரிவின் கீழ் எவரும் மனுத் தாக்கல் செய்ய முடியாது என்று எழுதிவிடுங்கள்.